நாலாயிரம் அடியார் ஆக இன்னும் 37 பாக்கி: ஒரே கார், அடுத்த அக்டோபருக்குள் முடியுமா?

பாதிவழி (கேள்வி)

வணக்கம். நியூ ஹாம்ப்ஷயர் வைட் மவுண்டன்ஸில் 4,000 அடிக்கு மேலே இருக்கும் 48 சிகரங்களையும் ஏறி முடிப்பது என்று நானும் மனைவியும் இறங்கியிருக்கிறோம். இதுவரை ஆனவை: பியர்ஸ், ஜாக்சன், டெகும்சே, ஒஸியோலா, லாஃபயெட், லிங்கன், மூசிலாக், கேனன், ஹேல், வாம்பெக், வாஷிங்டன். ஆக 11.

எங்கள் நிலவரம்: பாஸ்டன் புறநகர், மலைக்குப் போக இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். ஒரே கார். இதுவரை நடந்ததில் பெரியது லாஃபயெட்-லிங்கன் சுற்று, கிட்டத்தட்ட 9 மைல், 3,900 அடி ஏற்றம். அதற்கு 8 மணி நேரம் ஆனது. பனிக்காலத்தில் ஏறும் எண்ணம் இல்லை. ஜூன் முதல் அக்டோபர் நடு வரைதான்.

கேள்விகள்:
1. மீதி 37ஐ எந்த வரிசையில் போடுவது? இப்போது ஜூலை ஆரம்பம். அடுத்த வருஷ அக்டோபருக்குள் முடியுமா?
2. வாஷிங்டனுக்கு ஏறினோம், மழை வந்துவிட்டதால் காக் ரயிலில் (உச்சிக்கு ஓடும் பல்சக்கர ரயில்) இறங்கினோம். கணக்கில் வருமா?
3. அவுல்ஸ் ஹெட், ஐசொலேஷன் இரண்டுக்கும் ஓடைகளைத் தாண்ட வேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். எந்த அளவுக்கு உண்மை?
4. இரண்டு பேரும் சைவம். 12 மணி நேர நடைக்கு என்ன கட்டிக்கொண்டு போவது?

---

கல்லும்முள்ளும்

இரண்டாவது கேள்விக்கு முதலில். வாஷிங்டன் கணக்கில் வராது. ஏறுவதும் இறங்குவதும் இரண்டுமே காலால் நடந்திருக்க வேண்டும் என்பது இந்தப் பட்டியலை வைத்திருக்கும் அப்பலாச்சியன் மவுண்டன் கிளப்பின் (ஏஎம்சி) நாலாயிரம் அடிக் கழகத்தின் விதி. காக் ரயில், உச்சிவரை போகும் ஆட்டோ ரோட்டில் வரும் கார், வைல்ட்கேட் மலையின் கோண்டோலா எதுவும் ஆகாது. ஒரே நடையில் எத்தனை சிகரம் தொட்டாலும் அத்தனையும் சேரும். எனவே உங்கள் கணக்கு 10, பாக்கி 38. வருத்தப்படாதீர்கள், மன்றோவும் உங்கள் பட்டியலில் இல்லை. அதற்காக எப்படியும் அந்தப் பக்கம் போகத்தான் வேண்டும். அமனூசக் ரவீன் வழியே ஏறி, மன்றோவைத் தொட்டு, வாஷிங்டனுக்குப் போய், ஜூவல் டிரெயிலில் இறங்கினால் சுமார் 10 மைலில் இரண்டும் முடிந்தது. திசையை மாற்ற வேண்டாம். அமனூசக்கின் மேல்பாதி ஈரப்பாறை. ஏறும்போது கை ஊன்றிப் போய்விடலாம், இறங்கும்போது முட்டியும் பின்புறமும் பதம் பார்க்கப்படும்.

பட்டியலின் விதி தெரிந்தால் குழப்பம் குறையும். 4,000 அடி உயரம் மட்டும் போதாது. பக்கத்து உயர்ந்த சிகரத்தோடு இணைக்கும் தாழ்வான இடத்திலிருந்து குறைந்தது 200 அடி எழும்பியிருக்க வேண்டும். அதனால்தான் கயோ, ஹைட், லிட்டில் ஹேஸ்டாக், கிளே எல்லாம் 4,000ஐத் தாராளமாகத் தாண்டியும் பட்டியலில் இல்லை. டெகும்சே லேசர் அளவையில் 4,000க்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. நீங்கள் ஏறிவிட்டதால் அந்தச் சர்ச்சை உங்களுக்குத் தேவையில்லை. 

இப்போது வரிசை. சிகரங்களை எண்ணாதீர்கள், பயணங்களை எண்ணுங்கள். இந்தப் பட்டியலில் ஆட்கள் மாட்டிக்கொள்வது கடினமான சிகரத்தில் அல்ல, தனிக்கட்டையாக விட்டுப்போன சிகரத்தில். நீங்களும் ஏற்கெனவே இரண்டை அப்படி விட்டிருக்கிறீர்கள். ஒஸியோலா வரை போய் ஈஸ்ட் ஒஸியோலாவை விட்டது ஒன்று. ஒரு மைல்தான் தள்ளி. இப்போது அதற்கென்று தனியாக ஒரு நாள், கேன்கமாகஸ் நெடுஞ்சாலைப் பக்கம் கிரீலி பாண்ட்ஸ் வழியே. நடை குறைவுதான், ஆனால் கடைசி ஒன்றரை மைல் ஏணி மாதிரி நிற்கும். பியர்ஸோடு ஐசன்ஹோவரைச் சேர்க்காதது இன்னொன்று. அதை மட்டும் திட்டம் போட்டே கடைசிவரை விடச் சொல்வேன், காரணம் பிறகு.

உங்கள் 38ஐப் பகல்நடையாகவே பிரித்தால் 21 பயணம் வருகிறது. அதில் ஒன்று மட்டும் இரவு தங்கல். மேடிசன்-ஆடம்ஸ் ஒரு நாள். அப்பலாச்சியா பார்க்கிங்கிலிருந்து வேலி வே வழியே ஏறினால் 10 மைலுக்குள்தான், ஆனால் ஏற்றம் சுமார் 5,000 அடி. ஜெஃபர்சனுக்குக் கேப்ஸ் ரிட்ஜ். பாதை 3,000 அடியிலேயே தொடங்குவதால் போகவர 5 மைல். குறுகிய பாதை என்று குழந்தைகளைக் கூட்டிப் போகிறார்கள், அது தப்பு. கேப்ஸ் என்கிற பாறை முட்டுகளில் கையும் காலும் வைத்து ஏற வேண்டும், ஈரமாக இருந்தால் தொடாமல் இருப்பதே மேல். கார்ட்டர் டோம், சவுத் கார்ட்டர், மிடில் கார்ட்டர் மூன்றும் நைன்டீன் மைல் புரூக் வழியே ஒரே நாளில். வைல்ட்கேட் ஏ, டி இரண்டும் ஒரு நாள். மோரையா கோரம் ஊரிலிருந்து 9 மைல். டாம், ஃபீல்ட், வில்லி மூன்றும் கிராஃபர்ட் நாட்சிலிருந்து 10 மைல். நார்த் ட்வின், சவுத் ட்வின், கேல்ஹெட் ஒரு நாள். கார்ஃபீல்ட் 10 மைல். லிபர்ட்டி-ஃப்ளூம், கின்ஸ்மன் இரண்டு, ஹான்காக் இரண்டு, டிரைபிரமிட் இரண்டு, வைட்ஃபேஸ்-பாசகானவே, இவை ஒவ்வொன்றும் 10 முதல் 12 மைலுக்குள் அடங்கும். கேரிகெய்ன் 10. கேபட் வடக்கே தனியாக, யார்க் பாண்ட் பக்கமிருந்து சுமார் 10. இதோடு வாஷிங்டன்-மன்றோ, ஈஸ்ட் ஒஸியோலா, ஐசன்ஹோவர், ஐசொலேஷன், அவுல்ஸ் ஹெட். கடைசியாக ஸீலண்டோடு பாண்ட், வெஸ்ட் பாண்ட், பாண்ட்கிளிஃப், அதுதான் இரவு தங்கல்.

இந்த வருஷம் ஜூலை முதல் அக்டோபர் நடு வரை 15 வாரம், அடுத்த வருஷம் ஜூனிலிருந்து 19 வாரம். மழை, கல்யாணம், விருந்தாளி எல்லாம் போக மூன்றில் இரண்டு பங்கு வாரம் கிடைத்தால்தான் 21 பயணமும் அடங்கும். எனவே இறுக்கமாக இருந்தாலும் முடியும். ஜூன் முதல் பாதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள், கருப்பு ஈ முகத்தில் மொய்க்கும்.

பயணத்தைக் குறைக்க வேண்டுமானால் வழி உண்டு. பிரசிடென்ஷியல் டிராவர்ஸ் ஒன்றிலேயே மேடிசன், ஆடம்ஸ், ஜெஃபர்சன், வாஷிங்டன், மன்றோ, ஐசன்ஹோவர் ஆறும் அடங்கும், நாலு பயணம் ஒன்றாகிவிடும். ஆனால் கிட்டத்தட்ட 19 மைல், 9,000 அடி ஏற்றம், பெரும்பகுதி மரமே இல்லாத முகடு, போதாதற்கு இரண்டு முனையிலும் கார் வேண்டும். இப்போதைய உங்கள் வேகத்துக்கு அதை யோசிக்கவே வேண்டாம். நடுவில் லேக்ஸ் ஆஃப் தி கிளவுட்ஸ் ஹட்டில் (ஏஎம்சி நடத்தும் மலை விடுதி) இடம் கிடைத்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

---

ஈரக்காலுறை

ஓடை விஷயம் நான் சொல்றேன். பயமுறுத்தல் இல்லை, பாதி உண்மை. மீதி பாதி நாளைத் தேர்ந்தெடுக்கிறதுல இருக்கு.

இந்த மலையில கிரானைட் மேல மண் கொஞ்சம்தான். மழை பெய்ஞ்சா உறிஞ்சாம நேரா ஓடைக்கு வந்துடும். காலையில முழங்காலுக்குக் கீழ இருந்த தண்ணி சாயங்காலம் இடுப்புக்கு வந்துடும். அதே காரணத்தால சீக்கிரமா வடியவும் செய்யும், பெரும்பாலும் ஒரு நாள், ரெண்டு நாள்ல. அதனால விதி ரொம்ப எளிசு: முந்தின 48 மணி நேரத்துல நல்ல மழைன்னா அவுல்ஸ் ஹெட், ஐசொலேஷன் ரெண்டும் கிடையாது, வேற சிகரத்துக்குப் போங்க. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்தான் நல்ல சமயம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தோட (யுஎஸ்ஜிஎஸ்) தளத்துல லிங்கன் ஊர்ல இருக்கிற ஈஸ்ட் பிராஞ்ச் பெமிஜிவாசெட் ஆற்று அளவு நேரலையா கிடைக்கும். எண் என்னன்னு பாக்கறதை விட கோடு இறங்குதா ஏறுதான்னு பாருங்க. ஏறுதுன்னா அன்னிக்கு வேண்டாம்.

அவுல்ஸ் ஹெட் போகவர 18 மைல். லிங்கன் வுட்ஸ்ல ஆரம்பிச்சு பழைய ரயில் தடத்துல 2.6 மைல் மேஜை மாதிரி சமதளம், அப்புறம் ஃபிராங்கோனியா புரூக் டிரெயில் 1.7 மைல், அங்க பிரியற லிங்கன் புரூக் டிரெயில் 3.4 மைல். இந்த மூணாவது பாதையோட ஆரம்பத்துலயே ரெண்டு பெரிய ஓடை அடுத்தடுத்து வரும். அந்த ரெண்டையும் சௌகரியமா தாண்ட முடியலைன்னா அன்னிக்குப் பயணம் அங்கேயே முடிஞ்சுது, மேல போய் பாத்துக்கலாம்னு நினைக்கக் கூடாது. திரும்பி வரும்போதும் அதே ஓடைதான், அதுவும் களைச்ச காலோட. பிளாக் பாண்ட் பக்கமா காட்டுக்குள்ள புகுந்து ஓடையைத் தவிர்க்கிற வழி ஒண்ணு உண்டு. திசைகாட்டியும் ஜிபிஎஸ்ஸும் கைவந்தவங்களுக்கு சரி, முதல் தடவை போறவங்களுக்கு இல்லை.

கடைசி ஒரு மைல் அதிகாரபூர்வ பாதையே கிடையாது. இது வனப்பாதுகாப்புப் பகுதி, பெயின்ட் அடையாளம் இருக்காது, பெயர்ப்பலகை இருக்காது. சரிஞ்சு விழுந்த கல்லு மேல செங்குத்தா ஏறுற தடம், கால் வெச்ச கல் நழுவும். ரெண்டு பேரும் ஒரே கோட்டுல மேலயும் கீழயும் நிக்காதீங்க, மேல இருக்கிறவர் தட்டிவிடற கல் கீழ இருக்கிறவர் தலைக்குத்தான் வரும். முகடு ஏறினதும் ஒரு சின்ன வெட்டவெளி வரும், பழைய உச்சி அதுதான். நிறைய பேர் அங்கேயே போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடறாங்க. உண்மையான உச்சி வடக்கே இன்னும் கொஞ்சம் தள்ளி, கால் மைலுக்கும் குறைவு. இவ்வளவு தூரம் வந்துட்டு அதை விடாதீங்க.

ஐசொலேஷனுக்கு ராக்கி பிராஞ்ச் வழி போக 7.3 மைல். பாதையே பாதி இடத்துல ஓடைதான், ஷூ நனையாம போக முடியும்னு நினைக்காதீங்க. ராக்கி பிராஞ்சை ஒரு தடவை இல்லை, பல தடவை தாண்டணும். தண்ணி அதிகம்னு சந்தேகம் இருந்தா க்ளென் போல்டர் வழி இருக்கு, போக 6 மைல், ஓடைத் தொல்லை இல்லை. ஆனா மரம் இல்லாத பகுதி வழியா ஏறி, அப்புறம் உச்சிக்கு இறங்கிப் போகணும். திரும்பும்போது மறுபடி ஏற்றம். அதனால இடி மழை முன்னறிவிப்பு இருக்கிற நாள்ல அது ஆகாது. ரெண்டுல எதுன்னு அன்னிக்கு வானிலை பாத்து முடிவு பண்ணுங்க.

தாண்டுற முறை: பையோட இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து விடுங்க, விழுந்தா பை ஆளை அமுக்கக் கூடாது. கம்பு ரெண்டும் கையில, முகம் தண்ணி வர்ற திசையைப் பாத்து, ஒரு நேரத்துல ஒரு கால் மட்டும். கல்லுக்குக் கல் தாவறதுதான் கணுக்காலை முறிக்கும். கருப்பா பளபளன்னு இருக்கிற கல்லு மேல பாசி, அதுக்கு பதிலா தண்ணிக்குள்ளயே காலை வெச்சு நடங்க. நனையறது பரவாயில்லை. காஞ்ச காலுறை ஒரு ஜோடி பிளாஸ்டிக் பையில இருந்தா போதும்.

நேரக் கணக்கு இப்படிப் போடுங்க. ஏஎம்சி கணக்குப்படி ஒரு மைலுக்கு அரை மணி, ஒவ்வொரு 1,000 அடி ஏற்றத்துக்கும் கூட ஒரு அரை மணி. உங்க லாஃபயெட்-லிங்கன் சுற்றுக்கு அது 6 மணி 27 நிமிஷம் வரும். உங்களுக்கு 8 மணி ஆச்சு, ஆக உங்க பெருக்கு எண் சுமார் 1.25. அவுல்ஸ் ஹெட்டுக்கு 18 மைல், சுமார் 3,000 அடி, பத்தரை மணி. 1.25ஆல பெருக்கினா 13 மணிக்கு மேல. செப்டம்பர் கடைசியில சாயங்காலம் ஆறரைக்குச் சூரியன் போயிடும். அப்ப காலைல அஞ்சு மணிக்கு நடக்கத் தொடங்கணும், அதுவும் ஹெட்லேம்ப் போட்டுக்கிட்டு. ஆளுக்கு ஒண்ணு, போன் டார்ச் கணக்கில்லை. முந்தின நாள் லிங்கன் ஊர்ல தங்கறது இந்த ஒரு பயணத்துக்காவது செலவுக்குத் தகும்.

---

வடதிசை

மொன்றியல் பக்கமிருந்து எழுதுகிறேன். சாப்பாட்டையும் சப்பாத்தையும் பற்றி.

நீண்ட நடையில் ஆட்கள் விழுவது பசியாலை இல்லை, நேரத்துக்குச் சாப்பிடாததாலை. மணித்தியாலத்துக்கு 200 தொடக்கம் 250 கலோரி என்று கணக்கு வைத்து, ஒவ்வொரு முக்கால் மணிக்கும் கொஞ்சம் வாயிலை போட வேண்டும். உச்சியிலை இருந்து ஒரேயடியாய் புளிச்சாதம் ஒரு டப்பா சாப்பிட்டால் இறங்கும்போது நித்திரை வரும், காலும் தடுமாறும்.

சப்பாத்தியிலை நல்லெண்ணெயில் குழைத்த இட்லிப் பொடியைத் தடவி, இறுக்கிச் சுருட்டி, ஒவ்வொன்றையும் தனியாய் ஃபாயிலிலை சுற்றுங்கோ. நடந்தபடியே ஒரு கையாலை சாப்பிடலாம், நசியாது, ஊறிப் போகாது. ஆளுக்கு நாலு. சோறுதான் வேண்டுமெண்டால் எலுமிச்சை அல்லது புளி, ஆனால் தட்டிலை பரப்பி நல்லாய் ஆற விட்டுத்தான் கட்ட வேண்டும். சூட்டோடை மூடி வைத்து எட்டு மணித்தியாலம் பையிலை கிடந்த சோறு வயிற்றைக் குழப்பும், அதுவும் கழிப்பறை இல்லாத இடத்திலை. இன்னொன்று, ஒக்டோபரிலை சோறு குளிரிலை விறைத்து அரிசி மாதிரி ஆகிவிடும், அப்போது சப்பாத்திதான். கச்சான் அல்வா, உங்கடை பாசையிலை கடலை மிட்டாய், மிகவும் நல்லது. ஆனால் உறைகுளிரிலை அதைக் கடித்தால் பல் போகும், முதலே சின்னத் துண்டாய் உடைத்துக் கொண்டு போங்கோ. பேரீச்சை, உப்புப் போட்ட முந்திரி, ஊறுகாய் ஒரு சின்னச் சிமிழ். வியர்வையோடை போகும் உப்பை ஊறுகாய் மீட்டுத் தரும்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லீற்றர் கொள்ளக்கூடிய போத்தல், கூட ஒரு வடிகட்டி. முகட்டிலை தண்ணீர் கிடையாது. ஹட்டுகளிலை நிரப்பலாம்.

சப்பாத்து: தண்ணீர் போகாத தோல் பூட்ஸ் என்று விற்பதை ஓடைப் பாதைகளுக்கு வாங்காதேங்கோ. மேலாலை தண்ணீர் உள்ளே போனால் வெளியிலை வராது, நாள் முழுக்கக் குளத்திலை நடப்பீர்கள். வலை வைத்த டிரெயில் ரன்னர் கெதியாய்க் காயும். ஆனால் கணுக்கால் பலவீனம் எண்டால் பூட்ஸ்தான் நல்லது. இங்கத்தைப் பாதைகள் வளைந்து வளைந்து போகாது, நேரே மேலே போகும், கல் மேலை கல். முழங்காலுக்குக் கம்பு கட்டாயம்.

உடுப்பிலை பருத்தி வேண்டாம், உள்பெனியன் உட்பட. ஆயிரம் அடிக்கு 3 தொடக்கம் 5 பாகை ஃபாரன்ஹீற் குறையும். கார் நிற்கும் இடத்திலை 70 எண்டால் லாஃபயெட் உச்சியிலை 55 இருக்கும், காற்று சேர்ந்தால் அதைவிடக் குளிரும். நனைந்த பருத்தி அந்தக் காற்றிலை உடம்புச் சூட்டை இழுத்துவிடும். வாஷிங்டன் வானிலை நிலையம் உயர் சிகரங்களுக்கென்றே ஒவ்வொரு நாளும் முன்னறிவிப்புப் போடுகிறது, போன் வானிலையைப் பார்க்காமல் அதைப் பாருங்கோ. 1934 ஏப்ரலிலை மணிக்கு 231 மைல் காற்று அளந்த இடம் அது. உங்களுக்கு 40 மைல் எண்டாலே மரம் இல்லாத முகடு வேண்டாம், அன்றைக்கு மரங்களுக்குள்ளேயே முடியும் ஹான்காக், டாம்-ஃபீல்ட்-வில்லி மாதிரி ஒன்றுக்கு மாறுங்கோ.

---

பாதிவழி

மூவருக்கும் மிக்க நன்றி. ரயில் பயணம் 38 ஆக்கிவிட்டது, பரவாயில்லை. இரண்டு கேள்விகள் கூட. பாண்ட் சிகரங்களுக்கு ஒரே காரை வைத்துக்கொண்டு எப்படி? மீட்பு, காப்பீடு, பார்க்கிங் இவற்றுக்கு எதெல்லாம் எடுத்துவைக்க வேண்டும்?

---

கல்லும்முள்ளும்

பாண்ட் சிகரங்களுக்கு ஒரே கார் தடையே இல்லை. ஸீலண்ட் பக்கமிருந்து போய் அதே வழியில் திரும்புங்கள். முதல் நாள் ஸீலண்ட் ஃபால்ஸ் ஹட் வரை 2.8 மைல், சாயங்காலம் போய்ச் சேர்ந்தாலும் போதும். அங்கேயே படுக்கை பதிவு செய்தால் கூடாரமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பதிவு செய்யும்போதே சைவம் என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் ஹட்டிலிருந்து ஸீலண்ட், கயோ, வெஸ்ட் பாண்ட், பாண்ட், பாண்ட்கிளிஃப் போய்த் திரும்ப சுமார் 15 மைல், கனமான பை இல்லாமல். அன்றே காருக்கு இறங்குவதா, இன்னொரு இரவா என்பதைக் கால் முடிவு செய்யட்டும். கூடாரம்தான் விருப்பம் என்றால் கயோ முகாம், டிரெயில்ஹெட்டிலிருந்து (பாதை தொடங்கும் இடம்) 8 மைலுக்குச் சற்று மேல். சனிக்கிழமை மதியம் தாண்டிப் போனால் கூடாரம் போடும் மேடை கிடைப்பது சந்தேகம். முழு எடையோடு 8 மைல் போவதற்கு ஹட் காசே மலிவு என்பது என் கட்சி.

பாண்ட்கிளிஃபில் மறக்கக் கூடாத ஒன்று. அங்கிருந்து திரும்பும்போது பாண்ட் மறுபடி ஒரு முழு ஏற்றம், நிழலே கிடையாது. வெஸ்ட் பாண்ட் அரை மைல் கிளைப்பாதையைப் போகும்போதே முடித்துவிடுங்கள். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் அந்த ஒன்றுக்காக இருபது மைல் திரும்ப நடக்கிறார்கள். ஸீலண்ட் உச்சியும் அப்படித்தான், பிரதான பாதையில் இல்லை, ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஒரு கிளை. பலகையைக் கவனிக்காமல் தாண்டிவிடுவது மிக எளிது.

இதேபோல உச்சி ஏமாற்றும் இன்னும் சில. வைட்ஃபேஸில் தெற்குப் பாறைத் தளத்தில் காட்சி பிரமாதமாக இருக்கும், எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். உண்மையான உச்சி ராலின்ஸ் டிரெயிலில் வடக்கே கொஞ்சம் போனால் மரத்துக்குள் ஒரு சின்னக் கற்குவியல், வேறொன்றும் இல்லை. பாசகானவேக்குப் போகும் வழியும் அதுதான் என்பதால் சுற்றாகப் போகிறவர்களுக்குக் கவலை இல்லை. கேபட்டில் பழைய தீக்கோபுரம் இருந்த இடத்தில் காட்சி உண்டு, உச்சி அதைத் தாண்டி. ஹேலில் உச்சிக் கற்களுக்குக் காந்தம் உண்டு, திசைகாட்டி பொய் சொல்லும்.

ஃப்ளூம் ஸ்லைடை ஏறுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள், காய்ந்த நாளில் மட்டும். அது வழவழப்பான சாய்ந்த பாறைப் பலகை, நடுவில் நீர் கசியும். இடது ஓரமோ வலது ஓரமோ மரவேரைப் பிடித்துப் போக வேண்டியிருக்கும். இறங்குவது லிபர்ட்டி ஸ்பிரிங் வழியே. ஈரமென்றால் அதே வழியில் ஏறி, ஃப்ளூமைத் தொட்டு, அதே வழியில் திரும்புங்கள். இரண்டு சிகரமும் கிடைக்கும், கூடுதலாகக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான். டிரைபிரமிட்டின் நார்த் ஸ்லைடும் இதே ரகம்.

ட்வின்-கேல்ஹெட்டுக்கு மட்டும் ஒரே கார் கொஞ்சம் இடிக்கும். கேல் ரிவர் டிரெயிலில் ஏறி நார்த் ட்வின் டிரெயிலில் இறங்கினால் கார் வேறு இடத்தில் நிற்கும். இறங்கும் முனையில் காலையிலேயே ஒரு சைக்கிளைப் பூட்டி வைத்துவிடுகிறவர்கள் உண்டு. கேல்ஹெட் ஹட்டிலிருந்து சவுத் ட்வின் 0.8 மைல்தான், ஆனால் 1,150 அடி ஏற்றம். இந்த 48இல் மூச்சு வாங்கும் முக்கால் மைல் அதுதான் என்பேன். கேல்ஹெட்டை முதலில் முடித்து, ஹட்டில் சூப் குடித்துவிட்டு அதில் ஏறுங்கள்.

கேரிகெய்ன், ஜெஃபர்சன் போன்றவற்றுக்குப் போகும் காட்டுச் சாலைகள் பனிக்காலத்தில் மூடியிருக்கும், வெள்ளத்தில் அரித்தும் போகும். வன இலாகா தளத்தில் சாலை நிலவரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

---

ஈரக்காலுறை

மீட்பு, பார்க்கிங் நான். நியூ ஹாம்ப்ஷயர்ல தேடி மீட்கிற வேலை ஃபிஷ் அண்ட் கேம் துறையோடது. கவனக்குறைவாப் போய் மாட்டினதா அவங்க முடிவு பண்ணினா செலவை நம்ம தலையில கட்டலாம், அப்படி சட்டமே இருக்கு. ஹைக் சேஃப் கார்டு தனியாளுக்கு 25 டாலர், குடும்பத்துக்கு 35. வாங்கினா அந்தக் கவனக்குறைவுச் செலவிலிருந்து விலக்கு. முரட்டுத்தனமா நடந்துக்கிட்டா விலக்கு கிடையாது. ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், ஆகவே உங்களுக்கு ரெண்டு தடவை வாங்கணும். இது காப்பீடு இல்லை, ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

லிங்கன் வுட்ஸ் மாதிரி வன இலாகா பார்க்கிங்குக்கு நாளைக்கு 5 டாலர், வருஷ பாஸ் 30. தேசியப் பூங்கா பாஸ் வெச்சிருந்தா அதுவே போதும். லிபர்ட்டி-ஃப்ளூமுக்குப் போறப்ப இடம் இல்லைன்னு ஃபிராங்கோனியா நாட்ச் நெடுஞ்சாலை ஓரத்துல நிறுத்தினா வண்டியை இழுத்துட்டுப் போயிடுவாங்க. சனி, ஞாயிறுன்னா காலை ஆறரைக்குள்ள போங்க.

செல்போன் சிக்னலை நம்பாதீங்க. பெமிஜிவாசெட் காட்டுக்குள்ள மைல் கணக்குல கிடையாது. ரெண்டு வருஷம் இப்படி நடக்கப் போறீங்கன்னா இன்ரீச் மாதிரி ஒரு செயற்கைக்கோள் கருவி வாங்கிடுங்க. திட்டத்தை வீட்டுல ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுங்க: எந்த டிரெயில்ஹெட், எந்த வழி, எத்தனை மணிக்குள்ள தகவல் வரலைன்னா 911. வெறும் "மலைக்குப் போறோம்"னு சொல்லிட்டுப் போனா எங்க தேடறது?

---

பாதிவழி

அப்படியே செய்கிறோம். ஐசன்ஹோவரை ஏன் கடைசிக்கு வைக்கச் சொன்னீர்கள்?

---

கல்லும்முள்ளும்

எட்மண்ட்ஸ் பாதையில் போக 3.3 மைல்தான், சரிவும் பதமானது, உச்சி நாலு பக்கமும் திறந்த மொட்டைத் தலை. 48ஆவது சிகரத்துக்கு ஊரிலிருந்து நண்பர்களும் வருவார்கள், அவர்களை அவுல்ஸ் ஹெட்டுக்கு இழுத்துப் போக முடியாது. அதோடு ஒரு பயணம் தவறிப்போனாலும் அரை நாளில் செருகிக்கொள்ளக்கூடியது அது ஒன்றுதான். செப்டம்பர் கடைசி ஞாயிறு என்று இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மழை வந்தால் அடுத்த ஞாயிறு.

இந்த வாரம் எதிலிருந்து தொடங்குவது என்றால், ஹான்காக். கேன்கமாகஸ் ஹேர்பின் திருப்பத்தில் பார்க்கிங், 10 மைல், மரங்களுக்குள்ளேயே. ஆரம்பத்தில் வரும் சின்ன ஓடைகளில் ஈரக்காலுறை சொன்ன முறையில் பழகிக்கொள்ளலாம். சுற்றில் முதலில் நார்த், பிறகு சவுத். தேதி, வழி, கிளம்பின நேரம், திரும்பின நேரம் நாலையும் அன்று இரவே குறித்துவிடுங்கள். தேதி விண்ணப்பத்துக்கு, நேரம் உங்கள் 1.25ஐத் திருத்துவதற்கு.